ஜெர்மன் குண்டும் முடிச்சூர்ப் பந்தக்காலும்

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் எப்படியும் ஒருவர் கேட்டுவிடுவார், "சார், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச குண்டு எது?" என்று. ஜெர்மன் குண்டு என்பேன். அப்படியா, எந்த நாட்டில் வேலை பார்த்தீர்கள் என்பார்கள். தாம்பரத்தில் என்பேன். உடனே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெரியவருக்கு வயதாகிவிட்டது, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வயதானது வாஸ்தவம்தான். ஆனால் நான் சொல்வதும் வாஸ்தவம். ஆகவே காபியை மெதுவாகக் குடியுங்கள்.

எழுபத்தொன்றில் யுத்தம் வந்தபோது நான் படையில் வெடிகுண்டுகளைக் கையாளும் பிரிவில் இருந்தேன். நம் ஆட்களில் பாதிப் பேரை வடக்கே அனுப்பிவிட்டார்கள். என்னைத் தாம்பரத்தில் நிறுத்தி, ஊர் வார்டன்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். வார்டன் என்றால் தொண்டர்கள்: பள்ளி ஆசிரியர், பாங்கு குமாஸ்தா, ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, இப்படி. வானத்திலிருந்து ஏதாவது விழுந்தால் அது என்ன, எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்வது அவர்கள் வேலை.

பாடம் நடத்தப் படம் கேட்டு மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு தகரக் குழாயில் சுருட்டி அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் ஜெர்மன் குண்டு! இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் தெருக்களில் விழுந்ததை அந்த ஊர்க்காரர்களுக்கு அடையாளம் காட்ட வெள்ளைக்காரன் அச்சடித்த படங்கள். சண்டை யாரோடு, படம் யாருடையது என்று போனில் கேட்டேன். "குண்டு குண்டுதானய்யா, நடத்து" என்று பதில் வந்தது. மேலிடம் சொன்னால் என்ன செய்வது, நடத்தினேன். முடிச்சூர், ஊரப்பாக்கம், பல்லாவரம் வார்டன்கள் எல்லாம் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் உட்கார்ந்து, பெர்லினிலிருந்து கிளம்பும் விமானம் எதைப் போடும் என்று மனப்பாடம் செய்தார்கள்.

நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், கெட்டுப்போக மாட்டீர்கள். அவர்களுடையதில் முக்கியமாக மூன்று ரகம். மெல்லிய ஓடு, உள்ளே மருந்து நிறைய. இது வீடு வாசலைத் தரைமட்டம் ஆக்குவதற்கு. வாலில் மஞ்சள் கோடு இருக்கும். இரண்டாவது தடித்த ஓடு. வெடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும், வாலில் சிவப்புக் கோடு. மூன்றாவது கப்பலின் இரும்புத் தளத்தைத் துளைத்துக்கொண்டு போவது, நீலக் கோடு. இது தவிர வண்ணத்துப்பூச்சி என்று ஒரு சின்னச் சனியன். கைக்கு அடக்கமாக இருக்கும், இறக்கையை விரித்துக்கொண்டு அழகாகச் சுழன்று இறங்கும். தொட்டால் தீர்ந்தது கதை. பெரிய குண்டுகளுக்குச் செல்லப் பெயர் வேறு. உடம்பு பெருத்தது ஹெர்மன். அதைவிடப் பெரியது சாத்தான். சாத்தானையும் மிஞ்சியது மாக்ஸ்.

சாத்தான் என்று நான் சொன்னதும் முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. முடிச்சூர் வார்டன் ஞானசிகாமணி. பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மெலிந்த உடம்பு, துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைச் சட்டை.

"சார், அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"பேர்தானே சார்? நானா வெச்சேன்?"

"இருக்கட்டும். நான் 'மற்றவர்'னு சொல்லிக்கிறேனே."

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஹெர்மன், மற்றவர், மாக்ஸ் என்றே வரிசை. பாங்கு குமாஸ்தா வேண்டுமென்றே, "மற்றவர் எவ்வளவு நீளம் சார்?" என்று கேட்பார். ஹால் சிரிப்பில் அதிரும். ஞானசிகாமணி மட்டும் சிரிக்காமல் நீளத்தைக் குறித்துக்கொள்வார். என்னிடம் படித்தவர்களில் அவரைப் போல ஒருவரை அப்புறம் நான் பார்க்கவில்லை.

அந்தப் படங்களில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் ஜெர்மன் குண்டில் விலாவில் இருக்கும். உடம்பின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு மூடி பதித்திருக்கும், அதுதான். "முதலில் விலாவைப் பாருங்கள், விலாவைப் பாருங்கள்" என்று கிளிப்பிள்ளை மாதிரி அத்தனை பேரையும் சொல்ல வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை கடைசி. முடிச்சூரில் வயலோரத்து வீடு ஒன்றில் கல்யாணம். பெண்ணின் அம்மா கன்னியம்மா. புருஷன் இல்லை, இரண்டு காணி நிலத்தை ஒண்டியாக உழுது பெண்ணைப் பள்ளி இறுதிவரை படிக்க வைத்தவர். பெண் பெயர் செல்வி. அந்தக் கல்யாணம் ஏற்கனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை மாப்பிள்ளை வீட்டில் சாவு, அடுத்த முறை வெள்ளம். பெண்ணுக்கு ராசி சரியில்லை என்று ஊர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்த நேரம். இந்த முகூர்த்தத்தை விட்டால் மார்கழி பிறந்துவிடும். தை வரை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்கள் என்று யாரும் நம்பவில்லை.

ஈசானி மூலையில் பந்தக்கால் நட்டாயிற்று. நடும்போதே குழிக்குள் டங்கென்று சத்தம் வந்ததாம். பாறை என்று நினைத்து, ஓரமாக இறக்கி, மண்ணைத் தள்ளி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கூட்டம் கூடும் இடமென்றால் பதுங்கு குழி வெட்ட வேண்டும் என்பது அப்போது உத்தரவு. கல்யாணத்துக்கு முந்தின நாள் வார்டன் ஞானசிகாமணி குழி வெட்ட ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். பந்தலோரம் வெட்டிக்கொண்டே போனார்கள். பந்தக்காலுக்குப் பக்கத்தில் மண் சரிந்தது. உள்ளே துருப்பிடித்த இரும்பு உடம்பு ஒன்று படுத்திருந்தது.

மதியம் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் பறந்து வந்தார். "சார், முடிச்சூர்ல ஜெர்மன் குண்டு கெடச்சிருக்காம்!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். வழியெல்லாம் அந்தப் படங்களை அனுப்பிய மேலிடத்தை மனசுக்குள் ஆசி கூறிக்கொண்டே போனேன். ஜெர்மனி எங்கே, முடிச்சூர் எங்கே! கண்டிப்பாக ஏதோ பழைய பம்பு செட்டாக இருக்கும் என்பது என் கணக்கு.

போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில் தேர்க்கூட்டம். நடுவில் கன்னியம்மா பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். கம்பின் நுனியில் வடக்கயிறு. கயிற்றின் மறு முனையில் இரண்டு கான்ஸ்டபிள்கள். பக்கத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர், முகம் சிவந்து போய்.

"இஸ்துப் பாருங்கடா! நட்ட பந்தக்கால புடுங்க எவனுக்குத் தகிரியம் கீது, பாத்துர்றேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார் கன்னியம்மா. "நாளைக்கி என் பொண்ணுக்குக் கண்ணாலம். கால அசைச்சா அவ தலையெழுத்து இன்னாத்துக்கு ஆவும்? என்னை வெட்டிப் போட்டுட்டு அப்பால புடுங்கு!"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "வாங்க சார். ஒரே பேஜாரா இருக்கு. வாத்தியார் பார்த்துட்டாரு, ஃபியூஸே கிடையாதாம். கம்பை உருவிட்டு, அந்த இரும்பைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது. இந்தம்மா விடமாட்டேங்குது."

குழிக்குள்ளிருந்து ஒரு தகரத் தொப்பி எட்டிப் பார்த்தது. ஞானசிகாமணி. "விலாவைத் தடவிப் பார்த்துட்டேன் சார். ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கு, மூடி இல்லை. சிவப்புக் கோடு தெரியுது. தடித்த ஓடு ரகம். ஃபியூஸ் பொருத்தாம போட்டிருக்காங்க."

நூற்றுக்கு நூறு போட வேண்டிய பதில். ஒரே ஒரு குறை: அது ஜெர்மன் குண்டு இல்லை.

குழிக்குள் இறங்கிப் பார்த்த அந்த நிமிஷம் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அது பம்பு செட்டும் இல்லை. சிவப்பு இருந்தது வாலில் அல்ல, மூக்குப் பக்கம், வளையமாக. வெள்ளைக்காரன் குண்டில் அப்படிச் சிவப்பு வளையம் போட்டால் உள்ளே மருந்து நிரப்பியாயிற்று என்று அர்த்தம். அவன் குண்டுக்கு ஃபியூஸ் விலாவில் இருக்காது. மூக்கில் இருக்கும், இல்லாவிட்டால் வாலில் இருக்கும். இதற்கு வாலில். பந்தக்காலின் அடி எங்கே போய்ச் செருகியிருந்தது என்று நினைக்கிறீர்கள்? சரியாக வால் தகடுகளுக்கு நடுவே, ஃபியூஸை ஒட்டி. கம்பை இழுத்தால் வாலும் சேர்ந்து வரும்.

"கயித்தை விடுங்க" என்றேன். "இழுக்காதீங்க. அப்படியே மெதுவா கீழ போடுங்க."

எங்கிருந்து வந்தது அந்தக் குண்டு? அந்த இரண்டாம் உலக யுத்தத்தின்போது தாம்பரத்தில் வெள்ளைக்காரன் விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஏதோ ஒன்று பாரத்தைக் குறைக்க வயலில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இது என் ஊகம்தான். அன்று அதை விசாரிக்க எனக்கு நேரமில்லை.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஞானசிகாமணி சரியான இடத்தில்தான் தேடினார், ஆனால் வேறொருவன் குண்டில். இல்லாத இடத்தில் பார்த்து, இல்லை என்று சொன்னார். அதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டினார். நான் மட்டும் என்ன, ஜெர்மன் இல்லை என்பதால் குண்டே இல்லை என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவன். ஒரு படத்தை வைத்து இது இன்னது என்று சொல்லலாம். இது ஒன்றுமில்லை என்று சொல்ல எந்தப் படத்தாலும் முடியாது. உங்களுக்கு இப்போது கம்ப்யூட்டரில் ஆயிரம் படம் இருக்கிறது. ஆயிரத்தோராவது ஒன்று எங்கேயாவது பந்தலுக்கடியில் படுத்திருக்கும்.

அன்றைக்கு அத்தனை பேரையும் காப்பாற்றியது கன்னியம்மாவின் பிடிவாதம். அவர் சொன்ன காரணம் வேறு, என் காரணம் வேறு. ஆனால் கம்பை அசைக்கக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அதை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்ஸ்பெக்டர் பக்கம் ஒரு திரும்பு திரும்பினார் பாருங்கள், "கேட்டுக்கினியா? பட்டாளத்துக்காரரே சொல்ட்டாரு!" என்று. அந்தாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

உடனே எல்லோரையும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பச் சொன்னேன். உயிருள்ள குண்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், பெண்ணின் தாய்மாமன் மாணிக்கம், அதுவரை மீசையை முறுக்கிக்கொண்டு சமையல்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தவர், சைக்கிளை எடுத்தார். ஏரிக்கரையில் நிற்பார் என்று நினைத்தோம். ஊரப்பாக்கத்தில் தன் வீட்டில் போய்த்தான் நின்றிருக்கிறார்.

இப்போது முடிவெடுக்க வேண்டியவன் நான். முறைப்படி ஆட்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்கள் வடக்கே இருந்தார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் வெட்டிய மண் சரியும், மண் சரிந்தால் கம்பு சாயும், கம்பு சாய்ந்தால் அதன் பாரம் முழுக்க வாலில் விழும். கல்யாணத்துக்காக நான் அவசரப்பட்டேன் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. மழைக்காகத்தான் அவசரப்பட்டேன். கல்யாணம் நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. நானும் மனிதன்தானே.

வால் பக்கத்து மண்ணை நான் எடுக்கும்வரை கம்பை ஒருவர் ஆடாமல் பிடிக்க வேண்டும்.

"என் பொண்ணு பந்தக்காலு. நான் புடிக்கிறேன்" என்றார் கன்னியம்மா.

"வேணாம்மா. உங்க பொண்ணுக்கு உங்களை விட்டா யாரு? ஏரிக்கரைக்குப் போங்க."

"அப்ப யாரு புடிப்பா? மொறப்படி மாமன்காரன் புடிக்கணும். அந்தப் பேமானிதான் ஓடிப்பூட்டானே!"

ஞானசிகாமணி தொண்டையைக் கனைத்தார். "நான் பிடிக்கிறேன் சார்."

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியாரே, நீங்க வேதக்காரங்க. பந்தக்காலப் புடிச்சா உங்க கோயில்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அதை நான் சொல்லிக்கிறேம்மா. ஃபியூஸ் இல்லைன்னு சொன்னது நான். இந்தக் கயிறு உண்மையா இழுபட்டிருந்தா..." சொல்லிக்கொண்டே கம்புக்கருகே வந்து நின்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் அவரைத் தடுக்க மனசு வரவில்லை.

கன்னியம்மா கம்பிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார். ஞானசிகாமணி பிடித்துக்கொண்டார். அந்தம்மாள் ஏரிக்கரைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மண்ணை எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள், அது உங்கள் பயிற்சியில் வரும். ஒரு கரண்டியாலும் என் விரலாலும் எடுத்தேன் என்பது போதும். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"சார், நான் பேசலாமா? பேசாம இருந்தா கை நடுங்கிடும் போல இருக்கு."

"தாராளமா பேசுங்க. ஆடாம பேசுங்க."

"ரைன்... எல்பே... ஓடர்... டான்யூப்..."

"என்ன சார் அது?"

"ஜெர்மனி ஆறுங்க சார். பதட்டமானா எனக்கு ஆறுதான் வரும்."

"சார், இது ஜெர்மன் குண்டு இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

மேலே ஆறுகள் நின்றன. அப்புறம் மிகவும் பணிவாக, "அப்போ தேம்ஸ்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா சார்?" என்றார்.

குண்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இதுவும் பாடம்தான். வயிறு குலுங்கும், வயிற்றுக்கடியில் மண் இருக்கிறது, மண்ணுக்கடியில் அது இருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சத்தமில்லாம தேம்ஸ்லயே நில்லுங்க சார்" என்றேன்.

தூறல் விழத் தொடங்கியபோது வால் கம்பிலிருந்து விடுபட்டது. கம்பின் அடியில் மண்ணை அணைத்துக் கல் வைத்து இறுக்கினேன். அதன் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "போதும், போங்க" என்றேன். "நீங்க கழட்டிட்டுச் சொல்லுங்க" என்றார். ஃபியூஸ் துருவில் இறுகியிருந்தது. என் சட்டை நனைந்தது தூறலில் மட்டுமல்ல. கடைசியில் அது கழன்று வந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அது ஆறு இல்லை, ஜெபம்.

ஃபியூஸோடு வந்த சின்ன வெடிக்குப்பியைத் தனியே பிரித்து எடுத்துப்போய் ஏரியின் காய்ந்த பக்கத்தில் வெடித்தேன். செத்துப் போனதாக இருந்தால் சும்மா இருந்திருக்கும். பட்டாரென்று கொக்குக் கூட்டம் கிளம்புகிற மாதிரி வெடித்தது. வடக்கயிற்றைக் கொண்டுவரச் சொன்ன இன்ஸ்பெக்டர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். உயிர் போன இரும்பு உடம்பை லாரியில் ஏற்றி அனுப்பினோம். பந்தக்கால் நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை கல்யாணம். நானும் ஞானசிகாமணியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது, மேளம் வெளுத்து வாங்கியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நடந்தது பாதிதான் தெரியும். மீதியை அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் அவசரம் இல்லை.

தாலிக்கு முன்னால் தாய்மாமன் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். பெரியவர் ஒருவர் "மாமன் வரலாம்" என்று கூப்பிட்டார். மாணிக்கம் பட்டுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் சீர்த்தட்டோடு எழுந்தார். நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நீ ஒக்காரு" என்றார் கன்னியம்மா.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாணிக்கம், "அக்கா, இன்னா இது, நாலு பேரு முன்னால..." என்று இழுத்தார்.

"நாலு பேரு முன்னாலதான்டா சொல்றேன். எம் பொண்ணு வாழ்வு அந்தக் காலுல நின்னுக்கினு இருந்திச்சு. புடிச்சவரு இருக்காரு." கடைசி வரிசையைப் பார்த்தார். "வாத்தியாரே, எந்திரிங்க. வாங்க."

ஞானசிகாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எனக்கு இதெல்லாம் தெரியாது சார். நான் போய்..."

"எனக்கும் தெரியாது. போங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். மனிதர் இருக்கிற வரிசையெல்லாம் இடித்துக்கொண்டு போனார். யாரோ பட்டத்தை அவர் கையில் வைத்தார்கள். முந்தின நாள் மழையிலும் ஆடாமல் கம்பைப் பிடித்த கைக்கு இப்போது ஒரு நூல் அடங்கவில்லை. முடிச்சு விழவில்லை. இரண்டாம் முறையும் நழுவியது.

செல்வி அவருடைய பள்ளியில் அவரிடம் படித்தவள். எதிரே வந்தால் வணக்கம் சார் என்று ஒதுங்கி நிற்கிற பெண். குனிந்திருந்த தலையை இன்னும் கொஞ்சம் அவருக்கு வாகாகக் குனிந்தாள்.

"பதட்டப்படாதீங்க," என்றாள் மெதுவாக. "நல்லா இறுக்கிக் கட்டுங்க மாமா."